லென்ஸில் தெரியும் தடங்கள்: துடைக்கும் முன் படிப்போம்

(வானியல் ஆர்வலர்களுக்கான பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விண்மீன்களை நமக்குக் காட்டித்தரும் கண்ணாடியைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். ஒளிவிலகல் தொலைநோக்கியின் முன்முனையில் இருக்கும் பொருளருகு லென்ஸில் சில சமயம் விசித்திரமான தடங்கள் தென்படும். விளிம்பில் மூன்று கறுப்புத் துண்டுகள், நடுவில் வண்ண வளையங்கள், கண்ணாடிக்குள் ஒரு குமிழி, மேற்பரப்பில் நீலம் பாரித்த படலம், மெல்லிய இழைகளின் கூட்டம். பார்த்தவுடன் மனம் பதறுகிறது. ஒரு கை துணியைத் தேடுகிறது, இன்னொரு கை திருப்புளியைத் தேடுகிறது. அந்தக் கைகளைச் சற்று நிறுத்தி வைக்கத்தான் இந்தப் பேச்சு.

லென்ஸில் உள்ள ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் தெரிந்த பிறகுதான் அது குறையா, நிறையா, வெறும் அடையாளமா என்று சொல்ல முடியும். பல நல்ல லென்ஸ்கள் தடங்களால் கெடுவதில்லை. தடத்தின் பொருள் தெரியாமல் தேய்த்த கையாலும் கழற்றிய கையாலும் கெடுகின்றன. இதை உங்கள் மனத்தில் பதியவைக்க முடிந்தால் நான் வந்த வேலை முடிந்தது.

கண்ணிலா, கண்ணாடியிலா, வானத்திலா?

தொலைநோக்கி பிறந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. 1611-இல் ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகரில் கிறிஸ்டோஃப் ஷைனர் என்ற ஏசு சபைத் துறவி சூரியனைத் தொலைநோக்கி வழியே ஆராய்ந்தபோது அதன் வட்டத்தில் கரும்புள்ளிகளைக் கண்டார். சூரியன் மாசற்றது என்று அறிஞர் உலகம் நம்பியிருந்த காலம் அது. அன்றைய லென்ஸ் கண்ணாடியோ குமிழிகளும் கோடுகளும் நிறைந்தது. புள்ளி தம் கண்ணில் இருக்கிறதா, கண்ணாடியில் இருக்கிறதா, வானத்தில் இருக்கிறதா என்று அவர் முதலில் சோதித்தார்.

கோளாறு தம் கண்ணில் என்றால் மற்றவர்களுக்கு அது தெரியக் கூடாது, மற்றவர்களும் கண்டார்கள். கண்ணாடியில் என்றால் தொலைநோக்கியை மாற்றியதும் மறைய வேண்டும். வேறு வேறு தொலைநோக்கிகளிலும் அதே புள்ளிகள் நின்றன. குழலைச் சுழற்றினால் புள்ளியும் கூடவே சுழல வேண்டும், சுழலவில்லை. ஆகவே அவை கண்ணாடிக்கு வெளியே உள்ளவை என்று முடிவு கட்டினார். அவருடைய கடிதங்கள் 1612 ஜனவரியில் அச்சேறின. அந்தப் புள்ளிகள் சூரியனைச் சுற்றிவரும் சிறு பொருள்கள் என்று அவர் கருதியது பிழை. அவை சூரியப் பரப்பிலேயே உள்ளவை என்று கலிலியோ 1613-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஆனால் ஷைனர் சோதித்த முறையில் பிழையே இல்லை. ஒன்றை மாற்று, ஒன்றைச் சுழற்று, எது கூடவே போகிறது என்று பார். நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம் கையில் இருக்கும் முதல் சோதனை அதுதான்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனின் வெண்ணொளிப் படங்கள் தொடர்ந்து எடுக்கப்பட்டு வருகின்றன. அத்தகைய படவரிசையில் ஒரு கறுப்புப் புள்ளியை நம்பலாமா என்று தீர்மானிக்கவும் இதே வழி உதவும். பூமியிலிருந்து பார்க்கும்போது சூரியன் ஏறத்தாழ 27 நாளுக்கு ஒருமுறை தன்னைச் சுற்றுகிறது. உண்மையான சூரியப் புள்ளி அந்தச் சுழற்சியோடு நாளுக்கு நாள் நகரும். தூசியின் நிழலுக்கு அந்தக் கணக்கு தெரியாது. இளைஞர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை: முன்முனையில் தகுந்த சூரிய வடிகட்டி பொருத்தாமல் எந்தத் தொலைநோக்கியையும் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். கண் ஒரு நொடியில் போய்விடும்.

பொருளருகு லென்ஸின் தடம் பிம்பத்தில் புள்ளியாகத் தெரியாது

பலருக்கும் வியப்பாக இருக்கும் ஓர் உண்மையை இப்போது சொல்கிறேன். நிலவைப் பார்க்கும்போது ஒரு கறுப்புப் புள்ளி தெளிவாகத் தெரிந்தால், அது பொருளருகு லென்ஸில் உள்ள தூசியாக இருக்க முடியாது.

நிலவின் ஒரு பள்ளத்திலிருந்து புறப்படும் ஒளி உங்கள் லென்ஸ் முழுவதிலும் விழுகிறது. லென்ஸின் இடது ஓரம், வலது ஓரம், நடுப்பகுதி எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பள்ளத்தின் பிம்பத்தைக் குவியத்தில் ஒரே இடத்தில் சேர்க்கின்றன. பக்கத்துப் பள்ளத்துக்கும் அப்படியே. ஆகவே லென்ஸில் ஒரு சிறு பகுதியை மறைத்தால் பிம்பத்தில் ஓர் இடம்கூடக் காணாமல் போகாது. பிம்பம் முழுவதும் கொஞ்சம் ஒளி மங்கும், அவ்வளவுதான். நிலவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நண்பர் ஒருவரை லென்ஸுக்கு முன்னால், கண்ணாடியைத் தொடாமல், ஒரு விரலை நீட்டச் சொல்லுங்கள். விரலின் வடிவம் எங்கேயும் தெரியாது.

அப்படியானால் கூர்மையாகத் தெரியும் புள்ளி எங்கிருந்து வருகிறது? குவியத்தளத்துக்கு அருகில் இருக்கும் பரப்பிலிருந்து. கண்ணருகு லென்ஸின் முதல் கண்ணாடி, கேமராவின் உணரி, அதன் மேல் உள்ள வடிகட்டி ஆகியவைதான் இடம். கண்ணருகு லென்ஸை அதன் குழலிலேயே மெல்லச் சுழற்றுங்கள். புள்ளியும் சுழன்றால் குற்றவாளி கையில் அகப்பட்டுவிட்டது.

சுழற்றியும் சுழலாமல், கண்ணை அசைத்தால் மிதந்து போகும் சாம்பல் நிற இழைகளும் உண்டு. அவை உங்கள் விழியின் உள்ளே இருப்பவை. 100 மி.மீ. தொலைநோக்கியில் 200 மடங்கு பெருக்கம் வைத்தால் வெளியே வரும் ஒளிக்கற்றையின் தடிமன் 0.5 மி.மீ. மட்டுமே. அவ்வளவு மெல்லிய கற்றை விழிக்குள் நுழையும்போது, விழிப்பாய்மத்தில் மிதக்கும் துகள்களின் நிழல் விழித்திரையில் தெளிவாக விழுகிறது. தொலைநோக்கியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. பெருக்கத்தைக் குறைத்தால் இழைகளும் மங்கிவிடும்.

இனி கீறலுக்கு வருவோம். 100 மி.மீ. விட்டமுள்ள லென்ஸின் பரப்பு ஏறத்தாழ 7,850 சதுர மி.மீ. அதன் மேல் 20 மி.மீ. நீளமும் 0.1 மி.மீ. அகலமும் கொண்ட ஒரு கீறல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மறைக்கும் பரப்பு 2 சதுர மி.மீ. மொத்தத்தில் பத்தாயிரத்தில் இரண்டரைப் பங்கு. எதிரொளிப்புத் தொலைநோக்கிகளில் இரண்டாவது ஆடி முகப்பின் விட்டத்தில் கால் பங்கை மறைத்துக்கொண்டு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. பரப்பில் அது 6 விழுக்காட்டுக்கு மேல். அப்படியிருந்தும் அவை அருமையான பிம்பம் தருகின்றன. கீறலால் தீமையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கீறல் கொஞ்சம் ஒளியைச் சிதறடிக்கும்; பிரகாசமான பொருளுக்கு அருகில் உள்ள மங்கலான பொருள் சற்று மறையும். ஆனால் ஒரு கீறலுக்கும் பத்துத் தூசிக்கும் அந்தத் தீமை கண்ணால் உணர முடியாத அளவு. நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள்தான் பிம்பத்தை வெளுக்கச் செய்யும். அவை பெரும்பாலும் உலர்ந்த துணியால் அடிக்கடி துடைத்ததன் பயன்.

டார்ச் விளக்கை லென்ஸின் மேல் சாய்வாக அடித்துப் பார்ப்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். அந்த வெளிச்சத்தில் புத்தம்புது லென்ஸ்கூடப் பாழானதாகத் தெரியும். சிதறும் ஒளியை மட்டும் கண்ணுக்குக் காட்டி, நேராகக் கடந்துபோகும் பெரும்பங்கு ஒளியை முழுவதும் மறைத்துவிடும் முறை அது. ஒரு தடம் எங்கே இருக்கிறது என்று அறிய டார்ச் உதவும். அந்தத் தடத்தால் எவ்வளவு தீமை என்று அறிய உதவாது.

செய்தவர் விட்ட அடையாளங்கள்

நல்ல ஒளிவிலகல் தொலைநோக்கியின் பொருளருகு லென்ஸ் பெரும்பாலும் இரண்டு கண்ணாடிகளின் சேர்க்கை. கிரவுன் கண்ணாடியால் ஆன குவிலென்ஸ் ஒன்று, பிளின்ட் கண்ணாடியால் ஆன குழிலென்ஸ் ஒன்று. ஒன்று உண்டாக்கும் நிறப்பிறழ்ச்சியை மற்றது பெருமளவு ஈடுசெய்கிறது. 1758-இல் லண்டனில் ஜான் டாலண்ட் இதற்குக் காப்புரிமை பெற்றார். செஸ்டர் மூர் ஹால் என்பவர் அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே இந்த முறையைக் கண்டிருந்தார்.

இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே காற்று இடைவெளி விடும் அமைப்பில், விளிம்பில் சம தூரத்தில் மூன்று மெல்லிய தகட்டுத் துண்டுகள் வைக்கப்படும். முன்னாலிருந்து பார்த்தால் உள்ளே மூன்று சிறு கறுப்புச் சதுரங்கள் நீட்டிக்கொண்டிருப்பதுபோல் தெரியும். உடைந்த துண்டு, ஒட்டிய குப்பை என்று நினைத்து அதை எடுக்க லென்ஸைக் கழற்றுபவர்கள் உண்டு. அந்தத் துண்டுகள்தான் இரண்டு லென்ஸ்களின் இடைவெளியைக் காக்கின்றன. எடுத்தால் தொலைநோக்கி போயிற்று. கண்ணாடியின் பக்கவாட்டில் பென்சிலால் இட்ட கோடோ அம்புக்குறியோ இருந்தால் அதையும் அழிக்காதீர்கள். இரண்டு கண்ணாடிகளும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று செய்தவர் சோதித்து இட்ட குறி அது.

கண்ணாடிக்குள் உறைந்துபோன குமிழி அடுத்தது. 1 மி.மீ. குமிழி நம் 100 மி.மீ. லென்ஸில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைத்தான் மறைக்கும். அதனால் அக்காலக் கைவினைஞர்கள் குமிழிக்கு அஞ்சவில்லை. அவர்களைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று: கண்ணாடிக்குள் ஓடும் வரிகள். உருகிய கண்ணாடி சரியாகக் கலவாமல், கனமான பகுதியும் லேசான பகுதியும் தனித்தனி ஓட்டங்களாக உறைவதால் வருபவை இவை. வரி ஒளியை மறைப்பதில்லை. அதன் பாதையின் நீளத்தை மாற்றுகிறது. 10 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடியில் ஒளிவிலகல் எண் லட்சத்தில் ஒன்றரைப் பங்கு மாறினாலே ஒளியலை கால் அலைநீளம் பிந்திவிடும். பிம்பத்தைக் கெடுக்க அது போதும். கண்ணை உறுத்தும் குமிழி குற்றமற்றது. கண்ணுக்கு எளிதில் படாத வரிதான் குற்றவாளி.

அந்தக் குற்றத்தை வென்றவர் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் லூயி கினாண். பல்லாண்டுகள் உலையோடு போராடிய அவர், 1805 வாக்கில் சுடுமண்ணால் ஆன கோலைக் கொண்டு உருகிய கண்ணாடியைக் கலக்கும் முறையைக் கைக்கொண்டார். வரிகளற்ற பெரிய பிளின்ட் வட்டங்கள் அதனால் கைகூடின. பவேரியாவின் பெனடிக்ட்பாயர்ன் பட்டறையில் அந்தக் கலையை அவரோடு சேர்ந்து பயின்று மேலே கொண்டுபோனவர் யோசஃப் ஃப்ரான்ஹோஃபர். அவர் செய்த 24 செ.மீ. லென்ஸுள்ள தொலைநோக்கி 1824-இல் டோர்பாட் நகருக்குப் போனது. இன்று எஸ்தோனியாவில் டார்ட்டு என்று வழங்கும் ஊர் அது. வில்ஹெல்ம் ஸ்ட்ரூவ என்ற வானியலாளர் அந்தத் தொலைநோக்கியைக் கொண்டு 3,000-க்கு மேற்பட்ட இரட்டை விண்மீன்களைப் பட்டியலிட்டார். 1846-இல் பெர்லினில் நெப்டியூன் கோளைக் கண்ட தொலைநோக்கியும் ஃப்ரான்ஹோஃபர் பட்டறை வழிவந்த 24 செ.மீ. லென்ஸ் கொண்டதுதான். ஒரு கண்ணாடியின் தகுதி அதன் அழகில் இல்லை, அதன் வழியே வரும் ஒளியில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வண்ண வளையங்கள் சொல்லும் கதை

காற்று இடைவெளி மிக மெல்லியதாக உள்ள லென்ஸைக் குழல்விளக்கின் கீழே நேராக நின்று பார்த்தால், மழைநீரில் சிந்திய பெட்ரோல்போல வண்ண வளையங்கள் தெரியும். லென்ஸில் எண்ணெய் இறங்கிவிட்டது என்று பலர் கலங்குவது இதைப் பார்த்துத்தான். இவை நியூட்டன் வளையங்கள். இவற்றை 1704-இல் தம் ஒளியியல் நூலில் விரித்துரைத்த நியூட்டன் பயன்படுத்தியவையும் தொலைநோக்கி லென்ஸ்களே. 14 அடித் தொலைநோக்கிக்கான ஒரு லென்ஸையும் 50 அடித் தொலைநோக்கிக்கான ஒரு லென்ஸையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அவர் வளையங்களை அளந்தார். ஆகவே இந்தத் தடம் நம் துறைக்குப் பிறந்த வீட்டுச் சொந்தம்.

மேல் கண்ணாடியின் அடிப்பரப்பில் கொஞ்சம் ஒளி திரும்புகிறது. அடுத்த கண்ணாடியின் மேற்பரப்பில் இன்னும் கொஞ்சம் திரும்புகிறது. இரண்டும் கண்ணில் சந்திக்கும்போது, இடைவெளியின் அளவைப் பொறுத்து ஒன்றையொன்று வலுப்படுத்தும் அல்லது அழிக்கும். ஒரு கறுப்பு வளையத்திலிருந்து அடுத்த கறுப்பு வளையத்துக்கு இடைவெளி அரை அலைநீளம் மாறியிருக்கிறது என்று பொருள். பாதரச விளக்கின் பச்சை ஒளிக்கு அது 0.27 மைக்ரோமீட்டர். நடுவிலிருந்து விளிம்புவரை பத்து வளையங்களை எண்ணினீர்கள் என்றால், இடைவெளி 2.7 மைக்ரோமீட்டர் மாறுகிறது. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். அதில் இருபத்தைந்தில் ஒரு பங்கை எந்தக் கருவியும் இல்லாமல் வெறும் கண்ணால் அளந்துவிட்டீர்கள்! இவ்வளவு நுட்பமான அளவுகோலைத் தன்னுள்ளேயே வைத்திருக்கும் பொருள்கள் உலகில் அதிகம் இல்லை.

இனி வளையங்களைப் படிப்போம். வளையங்களின் நடுப்புள்ளி லென்ஸின் நடுவிலேயே இருந்தால் இரண்டு கண்ணாடிகளும் ஒன்றுக்கொன்று சாயாமல் நிற்கின்றன. நடுப்புள்ளி ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் இடைவெளி ஒரு பக்கம் அதிகம், மறுபக்கம் குறைவு. மூன்று தகட்டுத் துண்டுகளில் ஒன்று நழுவியிருக்கலாம். வளையங்கள் வட்டமாக இல்லாமல் நெளிந்திருந்தால் பரப்பிலோ கூட்டின் இறுக்கத்திலோ கோளாறு. பட்டறைகளில் மெருகேற்றிய பரப்பைச் சரிபார்க்க, அளவறிந்த மாதிரிக் கண்ணாடியை அதன்மேல் வைத்து இதே வளையங்களைத்தான் பார்க்கிறார்கள். இடைவெளி அகலமாக உள்ள லென்ஸில் சாதாரண விளக்கின் கீழே வளையங்கள் தெரியாது. ஒற்றை நிற ஒளி வேண்டும். கல்லூரி ஆய்வகத்தின் சோடியம் விளக்கு அதற்கு ஏற்றது.

ஆனால் காற்று இடைவெளியே இல்லாத, ஒட்டப்பட்ட லென்ஸில் புதிதாக இந்த வளையங்கள் தோன்றினால் கதை வேறு. இரண்டு கண்ணாடிகளையும் பிணைக்கும் பிசின் விட்டுக்கொண்டிருக்கிறது. பழைய லென்ஸ்களில் இந்தப் பிசின் கனடா பால்சம். வட அமெரிக்க பால்சம் ஃபிர் மரத்தின் பிசின். காலம் செல்லச் செல்ல அது மஞ்சளிக்கும், விளிம்பிலிருந்து விடுபடும், வெள்ளிபோல் மின்னும் கிளைகளாக உள்ளே பரவும். கண்ணாடிகளைப் பிரித்து மறுபடி ஒட்டுவது தேர்ந்த கைவினைஞரின் வேலை. வீட்டில் சூடுபடுத்திப் பிரிக்க முயன்றால் கண்ணாடி வெடிக்கும்.

குறை என்று நினைத்தது கொடையானது

நான் மிகவும் விரும்பும் வரலாறு இது. இங்கிலாந்தின் யார்க் நகரில் டி. குக் அண்ட் சன்ஸ் என்ற தொலைநோக்கி நிறுவனத்தில் டெனிஸ் டெய்லர் என்ற ஒளியியலாளர் இருந்தார். பொருளருகு லென்ஸைச் சோதிப்பது, சீர்செய்வது பற்றி 1891-இல் அவர் எழுதிய சிறுநூலை இன்றும் தொலைநோக்கியாளர்கள் மதிக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் காற்றிலும் ஈரத்திலும் நின்ற பிளின்ட் கண்ணாடியின் மேல் நீலம் பாரித்த படலம் படியும். வாடிக்கையாளர்கள் அதைக் கறை என்றே எண்ணினார்கள். 1892-இல் டெய்லர் அளந்து பார்த்தார். கறைபடிந்த லென்ஸ் புதிய லென்ஸைவிட அதிக ஒளியைக் கடத்தியது! கறைபடிந்த கண்ணாடி குறைவாக எதிரொளிக்கிறது என்பதை ரேலி பிரபு 1886-இலேயே கவனித்திருந்தார்.

காரணம் எளிது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் ஒளி கொஞ்சம் திரும்பி வீணாகிறது. கிரவுன் கண்ணாடியில் ஏறத்தாழ 4 விழுக்காடு, பிளின்ட்டில் 5 விழுக்காட்டுக்கு மேல். நான்கு பரப்புகளில் சேர்ந்து 18 விழுக்காடு வரை போய்விடும். கறை என்பது ஒளிவிலகல் எண் குறைந்த ஒரு மெல்லிய படலம். அதன் மேற்பரப்பில் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் திரும்பும் ஒளியும் ஒன்றையொன்று அழிக்க, அந்த ஒளி கண்ணாடிக்குள்ளேயே போகிறது. இதைச் செயற்கையாக, உறுதியாகச் செய்யும் வழியை 1935-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா கண்டார். இன்று மெக்னீசியம் புளூரைடு படலம் ஒரு பரப்பின் எதிரொளிப்பை 4-இலிருந்து 1.3 விழுக்காட்டுக்குக் குறைக்கிறது. படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் லென்ஸில் தெரியும் ஊதாவும் பச்சையும் அத்தகைய படலங்களால் வரும் நிறம். அதைத் தேய்த்து நீக்க நினைப்பது வரமாக வந்ததைக் கையால் வழித்து எறிவது.

படலம் இல்லாத காலத்தில் என்ன நடந்தது தெரியுமா? 1672-இலும் 1686-இலும் வானியலாளர் காசினி வெள்ளிக் கோளுக்கு அருகில் ஒரு துணைக்கோளைக் கண்டதாகக் குறித்தார். 1740-இல் ஜேம்ஸ் ஷார்ட்டும் கண்டார். நூறாண்டுக்கு மேல் பலர் தேடினார்கள். வெள்ளிக்கோ துணைக்கோளே கிடையாது. 1766-இல் மாக்ஸிமிலியன் ஹெல் என்ற வானியலாளர், வெள்ளியின் பேரொளி பார்ப்பவர் கண்ணில் பட்டுத் தொலைநோக்கிக்குள் திரும்பி இரண்டாவது பிம்பத்தை உண்டாக்குகிறது என்று விளக்கினார். 1887-இல் பெல்ஜியத்தின் பால் ஸ்ட்ரூபான், பல நிகழ்வுகளில் அருகிலிருந்த விண்மீனையே துணைக்கோள் என்று கொண்டார்கள் என்று காட்டினார்.

நாமும் ஒரு கணக்குப் போடுவோம். படலமற்ற இரண்டு லென்ஸ் பரப்புகளில் அடுத்தடுத்துத் திரும்பிய ஒளி 4 விழுக்காட்டில் 5 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 0.2 விழுக்காடு. விண்மீன் ஒளிப்படியில் அது ஆறரை முதல் ஏழு படி குறைவு. −4 படியில் ஒளிரும் வெள்ளியின் பொய்ப்பிம்பம் குவியத்தில் விழுந்தால், கண்ணால் காணக்கூடிய ஒரு நடுத்தர விண்மீன்போலவே ஒளிரும். ஏமாந்தவர்கள் அறியாதவர்கள் அல்லர் என்பது புரிகிறதா? சந்தேகம் வந்தால் தொலைநோக்கியை மெல்ல நகர்த்துங்கள். உண்மையான விண்மீன் கோளோடு சேர்ந்தே நகரும். பொய்ப்பிம்பம் எதிர்த்திசையில் போகும், அல்லது வேறு வேகத்தில் நழுவும்.

உண்மையிலேயே கவலைப்பட வேண்டியவை

இதுவரை குற்றமற்றவர்களை விடுவித்தோம். கவனிக்க வேண்டியவற்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் முதல் பகை பூஞ்சை. விரல் ரேகையின் எண்ணெயிலும் தூசியிலும் வேர்கொண்டு, கிளைவிட்ட மெல்லிய இழைகளாகப் பரவும். முற்றவிட்டால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடும். பிறகு பூஞ்சையை நீக்கினாலும் அதன் வடிவம் நிற்கும். இந்த ஒன்றில் தாமதம் கூடாது.

அடுத்தது, லென்ஸ் கூட்டின் வளையம் அளவுக்கு மீறி இறுகுவது. கண்ணாடியின் மேல் தடம் எதுவும் தெரியாது, விண்மீன்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் உண்மையான தீர்ப்பு விண்மீன் சோதனையில்தான். துருவ விண்மீன் நகராது என்பதால் வெளிநாட்டு நூல்கள் அதைப் பரிந்துரைக்கும். தமிழ்நாட்டில் அது தொடுவானிலிருந்து 8 முதல் 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. அங்கே காற்றின் கொந்தளிப்பு அதிகம். நமக்கு ஏற்றது உச்சிக்கு வரும் விண்மீன். ஏப்ரல் மாதத்து முன்னிரவில் மகம் விண்மீன் சென்னையில் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே கடக்கும். 100 மி.மீ. தொலைநோக்கியில் 150 மடங்கு பெருக்கம் வைத்து, குவியத்திலிருந்து சற்று உள்ளும் பிறகு வெளியும் நகர்த்துங்கள். ஒருமைய வளையங்கள் விரியும். அவை வட்டமாக, நடு பிசகாமல் இருந்தால் லென்ஸ் நலமாக இருக்கிறது. முக்கோணமாக முனை நீட்டினால் கூட்டின் இறுக்கம். ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விரிந்தால் லென்ஸின் சாய்வு. முட்டை வடிவம் தெரிந்தால் தலையைச் சாய்த்துப் பாருங்கள். வடிவமும் சாய்ந்தால் கோளாறு உங்கள் கண்ணில். தூசியும் கீறலும் இந்த வளையங்களில் எதையும் மாற்றுவதில்லை.

செய்ய வேண்டியது என்ன?

துடைத்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் வரிசை தவறாதீர்கள். முதலில் ரப்பர் ஊதுபையால் தூசியை ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் படும். பிறகு மென்தூரிகை. கறை போகவில்லை என்றால் மட்டும், தூய பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ லென்ஸ் திரவமோ தொட்டு, அழுத்தாமல், நடுவிலிருந்து வெளிப்புறமாக ஒரே இழுப்பு. ஒரு பஞ்சு ஒருமுறைக்கு மட்டும். திரவத்தை லென்ஸின் மேல் நேராக ஊற்றினால் விளிம்பு வழியே உள்ளே இறங்கும். இரண்டு கண்ணாடிகளையும் கூட்டிலிருந்து பிரிக்காதீர்கள். பிரித்தே ஆக வேண்டும் என்றால் தேர்ந்தவரிடம் கொடுங்கள்.

இரவில் பனி படிந்த லென்ஸை அப்படியே மூடிவைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பது. அறையில் திறந்தபடி உலரவிட்ட பிறகே மூடுங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் சூடாக்கிப் புதுப்பியுங்கள். மாதக்கணக்கில் இருட்டில் பூட்டி வைக்காமல் அடிக்கடி வெளியே எடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ, லென்ஸ் கெட்டுவிட்டது என்று சொல்லி அலமாரியில் பூட்டிவைத்த தொலைநோக்கி இருந்தால் அதை வெளியே எடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் லென்ஸின் வட்டத்தை வரைந்து, தெரியும் தடங்களை எல்லாம் மாணவர்களைக் கொண்டே குறிக்கச் செய்யுங்கள். தேதி எழுதுங்கள். எது தகட்டுத் துண்டு, எது குமிழி, எது வளையம், எது பூஞ்சை என்று அவர்களே வாதிட்டு முடிவு செய்யட்டும். வளையங்களை எண்ணி இடைவெளியைக் கணக்கிடட்டும். குறுக்கீடு, எதிரொளிப்பு, விளிம்பு விளைவு என்று பாடநூலில் தனித்தனி அத்தியாயங்களாகக் கிடப்பவை ஒரே கண்ணாடியில் ஒன்றுகூடி நிற்பதை அவர்கள் கண்ணாரக் காண்பார்கள். அடுத்த ஆண்டு அதே தாளை எடுத்து ஒப்பிடட்டும். மாறாத தடத்தை நிம்மதியாக விட்டுவிடலாம். வளரும் தடத்துக்குத்தான் மருந்து தேவை. பிறகு அதே மாலை தொலைநோக்கியை வாசலுக்குக் கொண்டுவந்து ஒரு விண்மீனின் மேல் திருப்புங்கள். வளையங்கள் வட்டமாக விரிந்தால், அந்தத் தொலைநோக்கிக்கு அலமாரியில் இனி வேலை இல்லை.